உப்பும் மொறுமொறுப்பும்: எடை குறைக்கும்போது சிப்ஸுக்கு ஈடு எது?

2024 ஜனவரி 8: வாசகர் ஒருவரின் கேள்வி

எடையைக் குறைக்கத் தொடங்கி ஐந்து வாரங்கள் ஆகின்றன. இனிப்பை விட்டதில் சிரமமே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் உப்பாகவும் மொறுமொறுப்பாகவும் ஏதாவது வேண்டும் என்று வாய் அடம்பிடிப்பதைத்தான் அடக்க முடியவில்லை. கேரட் தின்னச் சொன்னார்கள். கேரட்டையும் தின்றேன், அதன்பின் சிப்ஸையும் தின்றேன். உண்மையாகவே ஈடு செய்யக்கூடிய பொருள் ஏதேனும் இருக்கிறதா?

2024 ஜனவரி 9

கேரட்டையும் தின்றுவிட்டுச் சிப்ஸையும் தின்ற கதை என்னுடைய கதையேதான். 91 கிலோவில் தொடங்கி 84-க்கு இறங்கி, மூன்று மாதங்களாக அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். மூன்று வேளைச் சாப்பாட்டில் நான் பிசகுவதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடைப்பட்ட இரண்டு மணி நேரம்தான் என்னைக் கவிழ்க்கிறது. ஒரு பெரிய பொட்டலம் எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரிவதேயில்லை. விரல் அடிப்பகுதியைத் தொட்டு, மூலையில் தங்கிய உப்புத்தூளை வழிக்கும்போதுதான் சுயநினைவு திரும்புகிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். உருளைக்கிழங்கு சிப்ஸ் 100 கிராமுக்கு ஏறத்தாழ 530 கலோரி. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரியும் மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரியும் தருவதால், எண்ணெயைக் குடித்த எந்தப் பண்டமும் இந்த அளவுக்கு ஏறித்தான் தீரும். அதே 100 கிராமுக்குக் கேரட்டில் 41 கலோரி, வெள்ளரியில் 15. கேரட்டைச் சொல்பவர்களின் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை.

என் கணிப்பு இதுதான்: நாக்கு தேடுவது உப்பை, எனவே கலோரி குறைந்த பொருளின் மேல் உப்பைத் தூவிக் கொடுத்தால் அது அடங்கிவிடும். வெள்ளரியை நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து நான்கு நாட்களாகத் தின்று வருகிறேன். நீங்களும் ஒரு வாரம் முயன்று பாருங்கள்.

2024 ஜனவரி 14

கேள்வி கேட்டவர், வெள்ளரி தின்றது ஆடு மேய்ந்ததுபோல் இருந்தது என்று எழுதியிருக்கிறார். என் வெள்ளரியும் ஆறாம் நாளோடு நின்றுபோயிற்று. ஆகவே ஒன்பதாம் தேதி நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

உப்பு இருந்தது, ஆனாலும் கை அடுக்களை அலமாரியை நோக்கிப் போயிற்று. குறை எங்கே என்று யோசித்ததில் எனக்குப் பட்டது இது. மொறுமொறுப்பில் இரண்டு வகை இருக்கின்றன. கேரட், வெள்ளரி, ஆப்பிள் ஆகியவற்றின் நறுக்கென்ற ஒலி, நீரால் விம்மி நிற்கும் செல்கள் பல் பட்டு உடைவதால் வருவது. கடித்தவுடன் வாயில் நீர் பெருகும். சிப்ஸின் ஒலி இதற்கு நேர் எதிரானது. பச்சை உருளைக்கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்; எண்ணெயில் அது ஏறக்குறைய முழுவதும் ஆவியாகி வெளியேறியபின், எஞ்சிய மாவுச்சத்து கண்ணாடிபோல் விறைத்து, பல் பட்டதும் பல இடங்களில் ஒரே சமயத்தில் முறிகிறது. முன்னதை ஈர நொறுக்கு என்றும் பின்னதை வறண்ட நொறுக்கு என்றும் நான் சொல்லிக்கொள்கிறேன். வறண்ட நொறுக்கைக் கேட்கும் வாய்க்கு ஈர நொறுக்கைக் கொடுத்தால், காபி கேட்டவருக்கு மோர் கொடுத்த கதையாகத்தான் முடியும்.

ஒலியின் பங்கு வெறும் கற்பனை அன்று. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாசிமிலியானோ சாம்பினியும் சார்லஸ் ஸ்பென்ஸும் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பிரிங்கிள்ஸ் சிப்ஸைக் கடிப்பவர்களின் காதுக்கு அவர்கள் கடிக்கும் ஒலியையே ஹெட்ஃபோன் வழியாகத் திருப்பி அனுப்பினார்கள். ஒலியை உயர்த்தியபோது, அல்லது அதிலுள்ள உயர் அதிர்வெண்களை மட்டும் கூட்டியபோது, அதே சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். இந்த ஆய்வுக்கு 2008-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிப்பூட்டுவதற்காகக் கொடுக்கப்படும் பரிசுதான் என்றாலும், இரவு ஒன்பது மணிக்கு என் காது கேட்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எனவே தேடல் இனி வறண்ட நொறுக்கின் பக்கம்.

2024 ஜனவரி 15

சிலர் அரிசி வட்டுகளைப் பரிந்துரைக்கிறார்கள்; பொரித்த அரிசியை அழுத்திச் செய்யும் அந்த வட்டு ஒன்றில் 35 கலோரி. வாங்கித் தின்றேன். அது சுற்றி வந்த அட்டைப்பெட்டியைத் தின்றிருந்தாலும் பெரிய வேறுபாடு தெரிந்திருக்காது.

2024 ஜனவரி 20

பாப்கார்ன். இத்தனை நாட்கள் இதைத் திரையரங்கில் தின்னும் கெட்ட பண்டம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். கெடுதல் அங்கே ஊற்றப்படும் எண்ணெயிலும் வெண்ணெயிலும் இருக்கிறது. சோளத்தைக் குறை சொல்வதற்கில்லை. எண்ணெயே இல்லாமல் சூடான காற்றில் பொரித்த பாப்கார்ன் ஒரு கப் அளவுக்கு 8 கிராம் எடைதான், 31 கலோரிதான்; அதோடு 100 கிராமுக்கு 14 கிராமுக்கும் மேல் நார்ச்சத்து இருக்கிறது.

என்னிடம் காற்றில் பொரிக்கும் கருவி இல்லை. கனமான அடியுள்ள பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டு, மூன்றே மூன்று சோள மணிகளைப் போட்டு மூடிவிடுகிறேன். மூன்றும் வெடித்தபின் இரண்டு மேசைக்கரண்டி மணிகளைச் சேர்த்து, அடுப்பிலிருந்து அரை நிமிடம் இறக்கி வைத்து, மறுபடி ஏற்றுகிறேன். எல்லா மணிகளும் ஏறக்குறைய ஒரே சூட்டை அடைந்து ஒன்றாக வெடிப்பதற்காக இந்த இடைவெளி. மணிக்குள் இருக்கும் 14 விழுக்காடு ஈரம் ஏறத்தாழ 180 பாகை செல்சியஸில் நீராவியாக அழுத்தி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த நீராவி பாத்திரத்துக்குள்ளேயே தங்கினால் பொரி தோல்போல் சவசவத்துவிடும். ஆகையால் மூடியை நூலிழை அளவுக்குத் திறந்து பிடிக்க வேண்டும். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு விநாடி ஆனதும் இறக்கிவிட வேண்டும். மிச்சத்தையும் வெடிக்க வைக்கலாம் என்று காத்திருந்த நாளில் கருகல் நாற்றம் மறுநாள் மதியம் வரை போகவில்லை.

எண்ணெயையும் சேர்த்து ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கிடைப்பது சுமார் 150 கலோரி. சிப்ஸில் அதே 150 கலோரி 28 கிராமோடு, அதாவது ஒரு கைப்பிடியோடு, முடிந்துவிடுகிறது.

உப்பு ஒட்டாமல் அடியில் தங்குவதுதான் ஒரே குறை. எலுமிச்சைச் சாற்றைத் தெளித்து ஒட்டவைக்கப் பார்த்தேன். சாறு விழுந்த பொரியெல்லாம் சுருங்கிப் பஞ்சாகிவிட்டது. உப்பை மிக்ஸியில் மாவாக அரைத்து, பாத்திரத்தின் சூடு தணிவதற்குள் தூவிக் குலுக்கினால் ஒட்டிக்கொள்கிறது. நுண்ணிய தூள் நாக்கில் உடனே கரைவதால், முன்பு போட்டதில் பாதி உப்பே போதுமானதாக இருக்கிறது.

2024 ஜனவரி 28

கொண்டைக்கடலையை வறுத்துத் தின்னுங்கள் என்று நான்கைந்து பேர் எழுதியதால், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தேன்.

முதல் முறை வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே வேகவைத்த உருளைக்கிழங்குபோல் மாவாகவும் வந்தது. வேகவைத்த கடலையை வடிகட்டிய கையோடு ஓவனில் வைத்ததுதான் பிழை. முதல் இருபது நிமிடம் அது வறுபடவே இல்லை, தன் ஈரத்திலேயே மறுபடி வெந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறை ஒரு பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியைப் போட்டு உள்ளங்கையால் உருட்டினேன். தோல்கள் கழன்று வந்தன. அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, 200 பாகையில் நாற்பது நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைக் குலுக்கி வறுத்தேன். மிளகாய்த்தூளை வறுபட்ட பிறகுதான் சேர்த்தேன், முன்பே சேர்த்தால் கருகிக் கசக்கும். ஓவனை அணைத்துவிட்டு, கதவைச் சற்றே திறந்து அதற்குள்ளேயே ஆறவிட்டபோது, ஒவ்வொரு கடலையும் கல்போல் கலகலத்தது. வீட்டில் எல்லோரும் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

வேகவைத்த கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு 164 கலோரியும் 9 கிராம் புரதமும் இருக்கின்றன. ஆகவே 50 கிராம் வறுத்த கடலைக்கு 82 கலோரி என்று குறித்துக்கொண்டேன். இதுவே முதல் பரிசுக்குரிய பொருள்.

2024 ஜனவரி 29

நேற்று எழுதியதில் இருந்த கணக்கு தவறு. ஒருவர் அன்போடும் ஒருவர் அன்பில்லாமலும் சுட்டிக்காட்டிவிட்டார்கள். வறுக்கும்போது வெளியேறுவது தண்ணீர் மட்டுமே, கலோரி எங்கும் போவதில்லை. ஓவனுக்குள் போன 240 கிராம், வெளியே வரும்போது 130 கிராமாக இருந்தது. உள்ளே போனதில் 394 கலோரி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120, ஆக மொத்தம் 514. அப்படியானால் வறுத்த 50 கிராமில் 82 அன்று, ஏறத்தாழ 198. சிப்ஸைவிட இன்னும் குறைவுதான், புரதமும் நார்ச்சத்தும் கூடுதலாகக் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் அள்ளி அள்ளித் தின்னும் பண்டம் அன்று. முதல் பரிசைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வேறு ஒரு குறையும் இன்று தெரிந்தது. இரவு டப்பாவில் மூடி வைத்தது காலையில் ரப்பராகிவிட்டது. உள்ளே எஞ்சிய சிறிதளவு ஈரம் மெல்ல வெளிப்புறத்துக்குப் பரவி, விறைத்திருந்த மேற்பகுதியை இளக்கிவிடுகிறது. ஐந்து நிமிடம் மறுபடி சூடாக்கினால் சரியாகிறது. அந்த ஐந்து நிமிடம் ஒருவகையில் நல்லது என்றும் தோன்றுகிறது. சோம்பேறித்தனத்தால் தின்னாமலேயே படுத்துவிடலாம்.

2024 பிப்ரவரி 4

பாதாம் தின்னலாமா என்ற கேள்விக்கு என் பதில் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு 579 கலோரி. அதாவது சிப்ஸைவிட அதிகம். ஆனால் அது உடலுக்குள் முழுவதும் சேர்வதில்லை என்பதை நோவோட்னி என்பவரின் தலைமையில் 2012-இல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. 28 கிராம் பாதாமில் 170 கலோரி வரை இருக்கும் என்று வழக்கமான கணக்கு சொன்ன இடத்தில், உடலுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 129 மட்டுமே. கடினமான செல் சுவர்களுக்குள் சிக்கிய கொழுப்பின் ஒரு பகுதி செரிக்காமலேயே வெளியேறிவிடுகிறது.

இந்தச் செய்தி கிடைத்த மகிழ்ச்சியில் வறுத்த பாதாமை ஒரு வாரம் தாராளமாகத் தின்றேன். பிறகுதான் அதே குழுவினர் 2016-இல் தொடர்ந்து செய்த ஆய்வைப் படித்தேன். பச்சை முழுப் பாதாமில் காணப்படும் அந்தத் தள்ளுபடி, வறுத்தால் குறைகிறது, நறுக்கினால் இன்னும் குறைகிறது, விழுதாக அரைத்தால் இல்லாமலேயே போய்விடுகிறது. எனக்கு வேண்டியதோ மொறுமொறுப்பான வறுத்த பாதாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

இப்போது இருபது பாதாமை எண்ணி எடுத்துக்கொண்டு டப்பாவை மேல்தட்டில் வைத்துவிடுகிறேன். ஓட்டோடு இருக்கும் வேர்க்கடலையோ பிஸ்தாவோ இதைவிட நன்றாக வேலை செய்கிறது: உடைக்க நேரம் பிடிக்கிறது, உடைத்த ஓடுகள் கண்முன்னே குவிந்து சாட்சி சொல்கின்றன, விரலுக்கும் வேலை கிடைக்கிறது. உப்பு ஓட்டின் மேல் இருப்பதால் நாக்குக்கு எட்டுகிறதே தவிர, வயிற்றுக்குள் முழுவதும் போவதில்லை.

2024 பிப்ரவரி 19

வெடிக்காத சோள மணி ஒன்றைக் கடித்து, கடைவாய்ப் பல்லின் அடைப்பு பெயர்ந்துவிட்டது. ஒரு வாரம் மெல்லிய உணவு மட்டும். எடை 700 கிராம் குறைந்திருக்கிறது. இந்த வழியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கிண்ணத்தில் கொட்டும்போது கையால் அள்ளிப் போடுங்கள், பாத்திரத்தைக் கவிழ்க்காதீர்கள். மணிகள் அடியிலேயே தங்கிவிடும்.

2024 மார்ச் 3

உப்பைப் பற்றி ஜனவரி ஒன்பதாம் தேதி எழுதியபோது அதைக் கலோரி இல்லாத அப்பாவியாகக் காட்டிவிட்டேன். அதற்குச் சிறிது பிராயச்சித்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் ஒரு விருந்துக்குப் பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்றாகி, 150 கிராம் பொட்டலம் ஒன்று தனியாளாக என்னிடம் தீர்ந்தது. மறுநாள் காலை எடைக்கருவி 1.2 கிலோ கூடுதலாகக் காட்டியது. இரண்டு மாத உழைப்பும் ஒரே இரவில் போயிற்று என்று மனம் நொந்து அன்று மதியச் சாப்பாட்டைத் தவிர்த்தேன். மாலையில் பசி தாங்காமல் இன்னும் மோசமாகத் தின்றேன். நிதானமாகக் கணக்குப் போட்டிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. அந்தப் பொட்டலம் 800 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும். ஒரே இரவில் ஏறியது கொழுப்பாக இருக்க வழியே இல்லை. உப்பு பிடித்துவைத்த தண்ணீரும், மாவுச்சத்தோடு சேர்ந்து தசைகளில் தங்கிய தண்ணீரும், இன்னும் குடலில் இருந்த உணவுமே அந்த 1.2 கிலோ. மூன்றாம் நாள் தானாகவே இறங்கிவிட்டது.

உப்பின் அளவையும் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. பொட்டலத்தில் பெரும்பாலும் சோடியம் என்றே அச்சிட்டிருப்பார்கள், அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். என் பொட்டலத்தில் 100 கிராமுக்கு 520 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தது. முழுப் பொட்டலத்துக்கும் கிட்டத்தட்ட 2 கிராம் உப்பு, நாள் வரம்பில் ஐந்தில் இரண்டு பங்கு. உப்புநீரில் ஊறவைத்த வெள்ளரியில் கலோரியே இல்லை என்று எழுதியவருக்கும் இதையே சொல்வேன்; கலோரி மிகக் குறைவுதான், ஆனால் நாலைந்து துண்டிலேயே அன்றைய உப்புக் கணக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

2024 மார்ச் 10

பீட்ரூட் சிப்ஸ், சர்க்கரைவள்ளி சிப்ஸ் என்று பச்சை நிறப் பொட்டலங்களில் வருவனவற்றைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். எண்ணெயில் பொரித்ததாக இருந்தால் 100 கிராமுக்கு 500 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். காயின் பெயர் முன்பக்கத்தில் இருப்பதால் பின்பக்கம் மாறிவிடாது.

பொரிக்காமல் சுட்ட சிப்ஸில் எண்ணெய் குறைவுதான். வீட்டிலேயே மெல்லியதாகச் சீவி ஏர் ஃபிரையரில் செய்தும் பார்த்தேன். சீவியதைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, துடைத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு தடவைக்குப் பதினைந்து துண்டுகள்தான் வரும், அதில் நான்கு கருகும். இன்னும் மொறுமொறுப்பாகட்டும் என்று பழுப்பேறும் வரை விடாதீர்கள். மாவுச்சத்துள்ள பொருள்களை 120 பாகைக்கு மேல் சூடாக்கும்போது, புற்றுநோயை உண்டாக்கலாம் என்று ஐயுறப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகிறது என்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல் அறிவித்தார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அது கூடும். பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. தண்ணீரில் ஊறவைப்பது அங்கேயும் உதவுகிறது, ஏனென்றால் அதற்கு மூலப்பொருளான சர்க்கரையும் அமினோ அமிலமும் ஓரளவு கரைந்து போய்விடுகின்றன.

2024 மார்ச் 24

இரண்டரை மாதமாக எதைத் தின்பது என்றே எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஆசை எப்போது தோன்றுகிறது என்று முதலில் குறித்து வைக்கவில்லை. பிறகு மூன்று வாரம் குறித்ததில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இரவு உணவில் முட்டையோ மீனோ பருப்போ கணிசமாக இருந்த நாட்களில், ஒன்பது மணி எந்தச் சலனமும் இல்லாமல் கடந்து போயிற்று. கலோரியை மிச்சம் பிடிப்பதாக எண்ணி வெறும் சூப்போடு எழுந்த நாட்களில்தான் அலமாரிக் கதவு திறந்தது. உப்பு, ஒலி என்றெல்லாம் நான் பெயர் சூட்டிக்கொண்டிருந்ததில் பாதி, எளிய பசியாகவே இருந்திருக்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட்டும் அவருடைய சகாக்களும் 1995-இல், ஒரே கலோரி அளவுக்கு எந்த உணவு அடுத்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்று ஒப்பிட்டார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்துக்கொண்டால் சிப்ஸ் 91, வேர்க்கடலை 84, பாப்கார்ன் 154, ஆப்பிள் 197. எல்லாவற்றுக்கும் மேலே, பட்டியலின் உச்சியில், 323 என்ற எண்ணோடு நின்றது வேகவைத்த உருளைக்கிழங்கு. ஒரே கிழங்கு, தண்ணீரோடு இருக்கும்போது முதலிடம், தண்ணீரை விரட்டி எண்ணெயை ஏற்றியபின் ரொட்டிக்கும் கீழே. இத்தனை ஆண்டுகளாக உருளைக்கிழங்கின் மேல் நான் சுமத்திய பழியை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வேர்க்கடலைக்குக் கிடைத்த 84-ஐப் பார்த்து, பிப்ரவரியில் நான் எழுதிய கொட்டைப் புகழ்ச்சியைக் கொஞ்சம் குறைத்து வாசிக்கவும். ஓடு உடைக்கும் நேரம்தான் அதில் எனக்கு உதவியது.

வேகத்தைப் பற்றியும் ஒன்று. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேர் இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவையும் விரும்பிய அளவு தின்றார்கள். பதப்படுத்திய உணவில் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தின்றதோடு, வேகமாகவும் தின்றார்கள். சிப்ஸ் வாயில் கரைந்து மறையும் வேகத்துக்கு வயிறு செய்தி அனுப்பி முடிப்பதற்குள் பொட்டலம் காலியாகிவிடுகிறது. என் பட்டியலில் தேறியவை எல்லாம் மெல்ல வேண்டியவையாகவோ உடைக்க வேண்டியவையாகவோ இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

2024 ஏப்ரல் 7

சிறிய கிண்ணத்தில் போட்டுத் தின்றால் குறைவாகத் தின்போம் என்று சென்ற வாரம் ஒருவருக்குப் பதில் எழுதியபோது, உணவுப் பழக்க ஆய்வாளர் பிரையன் வான்சிங்கின் பாப்கார்ன் ஆய்வை ஆதாரமாகக் காட்டியிருந்தேன். அதை நீக்கிவிட்டேன். கார்னெல் பல்கலைக்கழகம் 2018-இல் அவர் ஆய்வு நெறிமுறைகளை மீறியதாக அறிவித்தது. அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டுவிட்டன. அவர் கிண்ணத்தை நம்பி என் கிண்ணத்தை வைப்பதற்கில்லை.

ஆனால் கருத்து முழுவதும் அவரோடு போய்விடவில்லை. காக்ரேன் அமைப்பு 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, பெரிய அளவாகப் பரிமாறினால் மனிதர்கள் அதிகம் தின்கிறார்கள் என்ற முடிவுக்கே வந்தது. என் அனுபவத்தில் கிண்ணத்தின் அளவைவிட, பொட்டலம் மீண்டும் அலமாரிக்குப் போய்விட்டதா என்பதே தீர்மானிக்கிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தேநீர்க் கோப்பைகூட மூன்று முறை நிரம்பும்.

2024 மே 26

சுருக்கமான செய்தி. விருந்தினர் கொண்டுவந்த சிப்ஸை இன்று ஒன்று எடுத்துத் தின்றேன். உப்பு நாக்கைச் சுட்டது. பொட்டலம் அதே பழைய பொட்டலம்தான், நாக்குதான் மாறியிருக்கிறது. சோடியத்தைக் குறைத்துச் சில மாதங்கள் தின்றவர்களுக்கு, பிடித்தமான உப்பின் அளவே குறைந்துவிடுவதை 1982-இல் பெர்ட்டினோவும் சகாக்களும் ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகியிருக்கின்றன. பாப்கார்னுக்கு அரைத்து வைத்த உப்பு டப்பா ஒரு மாதமாகக் காலியாகவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

பெருமைப்பட்டுக்கொண்டு இரண்டாவதையும் எடுத்தேன். ஒலி மட்டும் பழையபடியே மிக நன்றாக இருந்தது.

2024 ஆகஸ்ட் 11

கேள்வி கேட்டவர், கடைசியில் நான் எதைத் தின்கிறேன் என்று ஒரே வரியில் சொல்லச் சொல்கிறார். ஒரு வரியில் முடியாது, நான்கு வரியில் சொல்கிறேன்.

வாரத்தில் மூன்று இரவுகளில் எதுவும் இல்லை. இரவு உணவு சரியாக இருந்தால் தேவைப்படவில்லை. இரண்டு இரவுகளில் பாப்கார்ன், மூன்று மணிகளில் தொடங்கும் அதே முறையில். கொண்டைக்கடலை ஞாயிற்றுக்கிழமை மட்டும், வீட்டார் விட்டுவைத்தால். கேரட்டும் வெள்ளரியும் மாலை நான்கு மணிக்குத் தயிரோடு. அந்த நேரத்தில் வாய் ஈர நொறுக்கை மறுப்பதில்லை, மறுப்பு முழுவதும் இரவுக்குத்தான்.

சிப்ஸையும் விட்டுவிடவில்லை. வெள்ளிக்கிழமை 25 கிராமைத் தராசில் நிறுத்துத் தட்டில் வைத்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து தின்கிறேன். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு துண்டுகள் இருந்தன. முன்பெல்லாம் ஒரு பொட்டலத்தில் எத்தனை துண்டுகள் என்ற கேள்வியே எனக்கு எழுந்ததில்லை. எடை இப்போது 79.6.

பல் அடைப்பைப் பற்றி விசாரித்தவர்களுக்கு: நலம். இருந்தாலும் இடதுபக்கத்தால் மட்டுமே மெல்கிறேன்.